பல் படாத நெல்

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று ஊர் உலகமெல்லாம் சொல்லும். ஆலங்கரைக்காரர்கள் ஒரு படி மேலே போய், அதை நெல்லுக்கும் சேர்த்துச் சொல்லி வைத்திருந்தார்கள். விற்கிற நெல்லை, வாங்குகிற நெல்லை, விதைக்கிற நெல்லை யார் வேண்டுமானாலும் நாலு மணி எடுத்துக் கடைவாயில் போட்டுக் கடித்துப் பார்க்கலாம். கடக்கென்று ஒடிந்தால் காய்ந்த நெல், நசுங்கினால் ஈர நெல். ஆனால் சாமிக்கோ தருமத்துக்கோ என்று கொடுத்த நெல்லில் பல் படக்கூடாது. வந்ததைத் தனித்தனியாக வைக்கவும் கூடாது, ஒரே அம்பாரமாகக் குவித்துக் கலந்துவிட வேண்டும். இது இன்னார் நெல் என்று அடையாளம் தெரிந்தால் அது தருமம் இல்லை, தம்பட்டம். யார் வைத்த சட்டமோ தெரியாது. வெயில் அடிக்கிற வரைக்கும் நல்ல சட்டம்தான்.

அந்த ஐப்பசியில் அம்பாரம் குவித்தவள் கீழத்தெரு காளியம்மாள். முப்பத்தாறு வயது. அவள் ஆத்தாளும் அப்பனும் மேலத்தெரு வயல்களில் நாற்றுப் பறித்து நடவு நட்டு ஓய்ந்தவர்கள். அவளுக்கும் அவள் புருஷன் புகழேந்திக்கும் இப்போது மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலம் சொந்தமாக இருந்தது, பட்டா இருந்தது. புகழேந்தி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன். பகலெல்லாம் அடுத்தவன் நெல்லைச் சுமந்துவிட்டு, அந்தியில் போய்த் தன் வயலுக்குத் தண்ணீர் திருப்புவான். ஒரே மகள் சுடர்விழி. பதினொரு வயது. மூன்று வருடமாக ரத்தத்தில் புற்று.

முதல் தடவை மருந்து கேட்டது. முடியெல்லாம் கொட்டி மறுபடி முளைத்து, இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கூடமும் போனாள். போன மாசியில் நோய் திரும்பி வந்துவிட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா நல்ல மனுஷி. புகழேந்தியை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினாள்.

"இனிமே பெரிய மருந்து கொடுத்தா ஒடம்பு தாங்காதுங்க. வலி இல்லாம பாத்துக்கலாம். பாப்பா என்ன ஆசப்படுதோ அதச் செஞ்சு கொடுங்க."

பாப்பா ஆசைப்பட்டது கடலுக்குப் போக வேண்டும் என்றுதான்.

அதுவும் எந்தக் கடல்? பட்டினத்துப் பிள்ளைகள் போய் மணலில் வீடு கட்டுகிற கடல் இல்லை. அதிராம்பட்டினத்துக் கடல். அங்கே கடலுக்குப் போகிற ரோட்டில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து ஹாஜா மைதீன் 'நிழல் வீடு' என்று நடத்திவந்தார். மலேசியாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்து திரும்பியவர். அவருடைய மகள் ஒருத்தி இதே மாதிரி நோயில் பன்னிரண்டு வயதில் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஆரம்பித்தது. பெரிய நோய் வந்த பிள்ளைகளைக் குடும்பத்தோடு வரவழைத்து ஐந்து நாள் வைத்திருப்பார். வைத்தியம் கிடையாது, பிரசங்கம் கிடையாது. சமைத்துப் போடுவார்கள், துணி துவைத்துப் போடுவார்கள், இரண்டு நர்சம்மாக்கள் முறை வைத்து இருப்பார்கள். பெற்றவர்கள் தூங்கலாம்.

சித்திரையில் டாக்டரம்மா எழுதிக் கொடுத்து இவர்கள் மூவரும் போனார்கள். முதல் நாள் காளியம்மாள் பதினோரு மணி நேரம் தூங்கினாள். விழித்துப் பார்த்தபோது பக்கத்தில் பிள்ளை இல்லை. அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். சுடர்விழி வாசலில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பாய் வீட்டம்மா காய்ச்சிய தேங்காய்ப்பால் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாள். எதிரே கடல். அந்தக் கரையில் அலை பெரிதாக அடிக்காது. சேறும் கோரையுமாகத் தண்ணீர் படிந்து கிடக்கும்.

"கடலுன்னா சத்தம் போடும்னு சொன்னாங்கல்லம்மா? இது நம்ம வயல்ல சேறடிச்சுத் தண்ணி வச்சாப்புல இருக்கு. பயமே இல்ல" என்றாள் பிள்ளை.

அந்த ஐந்து நாளும் அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. அது தற்செயல்தான், காளியம்மாளுக்கும் தெரியும். தெரிந்தால் என்ன, மனசு கேட்கவா செய்கிறது? மறுபடி அங்கே போய்விட்டால் பிள்ளை கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும் என்று அவள் நம்பத் தொடங்கிவிட்டாள். கார்த்திகையில் வரச்சொல்லி ஹாஜா மைதீனும் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.

ஆவணி கடைசியில் அவர் போன் பண்ணினார்.

"தங்கச்சி, புள்ள எப்புடி இருக்கு?"

"இருக்குங்க பாய். காலு வலிக்குதுங்குது. நாளை எண்ணிக்கிட்டு இருக்கு."



"அதச் சொல்லத்தான் போன் போட்டேன். வீட்டுக்காரரு வெளிநாட்டுலேருந்து பேசுனாரு. ஐப்பசி இருபது தேதிக்குள்ள ஒரு லட்சம் அட்வான்ஸ் கட்டி புது அக்ரிமெண்டு போடணும், இல்லேன்னா வேற ஆளுக்கு வுட்டுருவேன்னுட்டாரு. அவரு மேலயும் தப்பு சொல்ல முடியாது, மூணு வருஷம் பாதி வாடகையிலதான் வச்சிருந்தாரு. பணம் அனுப்பிக்கிட்டிருந்தவங்க கையும் சுருங்கிப் போச்சு. ஒங்ககிட்ட கேக்கல தங்கச்சி. கார்த்திகைன்னு வாக்குக் கொடுத்தேன்ல, அதான் தகவல் சொல்றேன்."

"எத்தன பேரு பாய் எழுதி வச்சிருக்கீங்க?"

"ஒங்களோட சேத்து எட்டுக் குடும்பம்."

காளியம்மாள் போனை மறுகாதுக்கு மாற்றினாள். வாசலுக்கு வெளியே குறுவைப் பயிர் தலை சாய்ந்து பழுத்துக் கிடந்தது.

"பணம் இல்லைங்க பாய். நெல்லு இருக்கு" என்றாள்.

கொள்முதல் நிலையத்தில் நாற்பது கிலோச் சிப்பம் ஒன்று ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்குப் போகும். நூறு சிப்பம் சேர்ந்தால் வீடு திறந்திருக்கும். மூட்டை தூக்குகிறவன் பெண்டாட்டிக்குக் கணக்கு வேறு சொல்லித்தர வேண்டுமா?

தெருப் பையன்கள் வேறு யோசனை சொன்னார்கள். பாப்பா படத்தைப் போட்டு மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு ஃபிளெக்ஸ், வாட்சப்பில் ஒரு வீடியோ, காசு கொட்டும் என்றார்கள். சுடர்விழி கட்டிலில் படுத்தபடியே, "மொட்டத் தலையோட போடுவீங்கல்ல? வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

புரட்டாசி முழுக்க காளியம்மாள் வயல் வயலாக நடந்தாள். அறுப்பு மெஷின் எந்த வரப்பில் நிற்கிறதோ அங்கே போய் நிற்பாள். கையேந்தியெல்லாம் நிற்கவில்லை. "சீக்கு வந்த புள்ளைங்க வந்து தங்குற வீடுங்க. எம் புள்ளைக்கி மட்டும் இல்ல, எட்டுப் புள்ளைங்க" என்பாள். சிலர் ஒரு சிப்பம், சிலர் அரை. கீழத்தெருவில் நிலமே இல்லாத ராஜாத்தி, களத்தில் கழித்துப் போட்ட கருக்காயைத் தூற்றிச் சேர்த்து வைத்திருந்த இரண்டு மரக்கால் நெல்லை முறத்தோடு கொண்டுவந்து கொட்டிவிட்டு, "எங்கிட்ட ரேஷன் அரிசி இருக்கு, போ" என்றாள். காளியம்மாள் தங்கள் மூன்று மாவில் விளைந்ததில் கடனுக்குப் போனது போக, வீட்டுச் செலவுக்குக்கூட வைக்காமல் பதினைந்து சிப்பம் போட்டாள். சமுதாயக் கூடத்து வாசல் சிமெண்டுக் களத்தில், அவள் வீட்டுக்கு நேர் எதிரே, அம்பாரம் வளர்ந்தது.

காலையில் பரப்பி, காலால் உழுது உழுது கோடு போட்டுக் காயவைத்து, வெயில் இறங்கியதும் பலகை போட்டு இழுத்துக் குவிக்க வேண்டும். பிள்ளைக்கு இட்டிலி ஆவியில் வைத்துவிட்டு வந்து உழுவாள், வெந்நீர் ஆற்றிக் கொடுத்துவிட்டு வந்து உழுவாள். உள்ளங்கால் தோல் உரிந்து போயிற்று. தனக்குப் பழைய சோறும் சுட்ட கருவாடும்தான். சன்னல் வழியாகச் சுடர்விழி மேற்பார்வை பார்ப்பாள்.

"அம்மா, அந்த மூலைய விட்டுட்ட."

"ஆமாங்க சூப்பரைசரு."

தொண்ணூற்றிரண்டு சிப்பம் சேர்ந்துவிட்டது. கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிற மதிவாணன் ஒருநாள் சைக்கிளை நிறுத்தி இறங்கி வந்து பார்த்தார்.

"ஏம்மா, நல்லா கலகலன்னு இருக்கே. வர்ற வியாழக்கிழம கொண்டாந்துருங்க. சிட்டா, அடங்கல் காகிதமெல்லாம் கொடுத்தவங்ககிட்ட வாங்கி வச்சுக்குங்க. ஈரப்பதம் பதினேழுக்குள்ள இருந்தா அன்னைக்கே எட போட்டுருவேன். மேல இருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, இப்பவே சொல்லிட்டேன்."

"பதினஞ்சு கூட இருக்காதுங்க சார்" என்றாள் காளியம்மாள். அன்று சனிக்கிழமை. அவள் வாயை அன்றைக்கு மூடி வைத்திருக்கலாம்.

திங்கட்கிழமை மத்தியானம் கீழத்தெருவுக்குள் ஒரு டிராக்டர் வந்தது. டிரைவருக்குப் பக்கத்தில், மட்கார்டைப் பிடித்துக்கொண்டு தர்மாம்பாள் உட்கார்ந்திருந்தாள். மேலத்தெருவில் பன்னிரண்டு வேலிக்கு, எண்பது ஏக்கருக்கு, சொந்தக்காரியாக வாழ்க்கைப்பட்டு வந்து, பாகம் பிரிந்து, விற்றது போக நாலு ஏக்கரோடு தனியாக இருப்பவள். எழுபதை நெருங்கிய வயது. அந்தத் தெருவுக்குள் அவள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. பிள்ளைகளெல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"காளியம்மா இருக்காளா?"

"இருக்கேம்மா. வாங்கம்மா. சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே."

"நீ வந்து வாங்குனா கூலி வாங்குன மாதிரி ஆயிரும். நான் கொண்டாந்தாத்தான் தருமம்." இறங்கி நின்று மூச்சு வாங்கினாள். "பத்துச் சிப்பம் இருக்கு. எண்ண வேணாம். அப்புடியே கொட்டச் சொல்லு."

காளியம்மாள் டிரெய்லரில் சாக்குக்குள் கையை விட்டாள். கை சில்லென்று குளிர்ந்தது. தர்மாம்பாள் வயல் ஆற்றோரப் பள்ளம். போன வார மழையில் பயிர் படுத்து, தண்ணீரில் கிடந்த கதிரைச் சேற்றில் ஓடுகிற செயின் மெஷின் விட்டு அறுத்திருந்தார்கள். கடித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஈரம் கையில் ஒட்டியது.

"அம்மா..." என்று ஆரம்பித்தாள்.

தர்மாம்பாள் அம்பாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சன்னலில் தெரிந்த சுடர்விழியின் தலையையும் பார்த்தாள்.

"எனக்கும் ஒருத்தன் இருந்தான் காளியம்மா. நீ அப்பப் பொறந்திருக்க மாட்ட. ஒம்போது வயசு. சாயங்காலமானா காச்ச அடிக்கும், பல்லு ஈறுல ரத்தமா வரும். வைத்தீஸ்வரங்கோயிலு, வேளாங்கண்ணி, நாகூருன்னு ஒரு எடம் பாக்கி வைக்கல. என்ன நோவுன்னு பேரு கூடத் தெரியாமயே போயிட்டான். அந்த ஒரு வருஷம் நான் உக்காந்து ஒரு வாய் சோறு தின்னதில்ல. நீ செத்த கண்ண மூடு, நான் பாத்துக்கிறேன்னு சொல்ல ஒரு நாதி இல்ல. அப்புடி ஒரு வீடு இருக்காமே, அதுக்குத்தான நெல்லு கேக்குற?"

"ஆமாங்கம்மா."

"அப்ப என் நெல்லும் அதுல இருக்கட்டும். இந்தத் தடவ வெளஞ்சதே இம்புட்டுத்தான்."

என்ன சொல்வது? காளியம்மாளின் ஆத்தாள் இதே தர்மாம்பாள் களத்து ஓரத்தில், தூற்றி விழுந்த கருக்காய்க்கு முந்தானையை விரித்து நின்றவள். கிட்டே வராதே என்று தூரத்திலிருந்து முறத்தால் வீசிப் போடுவார்கள். பாதி மடியில் விழும், பாதி மண்ணில் விழும். அந்தக் களத்துக்காரி இன்றைக்கு நெல்லோடு தேடி வந்து வாசலில் நிற்கிறாள், அழுத கண்ணோடு நிற்கிறாள். உங்கள் நெல் ஈரம், ஓரமாகப் போடுங்கள் என்று சொல்ல எந்த நாக்கு வரும்? காளியம்மாளுக்கு வரவில்லை. பாவம் என்று மட்டும் இல்லை. உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

"கொட்டுங்கண்ணே" என்றாள் டிரைவரிடம்.

பத்துச் சிப்பமும் அம்பாரத்தின் தலையில் கொட்டப்பட்டது. தர்மாம்பாள் பார்த்துக்கொண்டு நிற்க, ராஜாத்தியும் இன்னும் இரண்டு பெண்களும் பலகை போட்டு மேலும் கீழுமாகப் புரட்டி, இது எவர் நெல் என்று யாரும் சொல்ல முடியாதபடி கலந்துவிட்டார்கள். வழக்கம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. நூற்றிரண்டு சிப்பம். கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏறிப் போனாள்.

பொழுது சாய்ந்து புகழேந்தி வந்தான். களத்தைத் தாண்டும்போதே நின்றுவிட்டான். வருஷக்கணக்காக நெல்லைத் தோளில் சுமந்தவன் மூக்கை ஏமாற்ற முடியாது.

"ஈர நெல்லு வந்திச்சா?"

"தர்மாம்பாம்மா கொண்டாந்தாங்க. பத்துச் சிப்பம்."

"தனியாப் போட்டியா?"

"தருமத்து நெல்லத் தனியாப் போடுவாங்களா? அவங்க வேற நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க."

"அவங்க போனப்பறமாச்சும் மேலாப்புல வழிச்சிருக்கலாம்ல?"

"அவங்க இருக்கும்போதே கலந்துட்டோம்ங்க."

அவன் ஒரு கைப்பிடி அள்ளினான். பழக்கதோஷம், வாய்வரை கொண்டுபோய்விட்டான். காளியம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம். இது புள்ளைக்கி வச்ச நெல்லு."

அவன் கையை உதறவில்லை. நெல்லைத் திரும்ப அம்பாரத்திலேயே போட்டான்.

"சரி வுடு. நாளைக்கி ஒரு வெயிலு போதும். நான் வேலைக்குப் போகல. மொத்தத்தையும் பரப்பிப் போட்டு நாலு ஒழவு ஓட்டுனா வத்திரும். வியாழக்கிழமைக்குத் தாங்கும்."

ஒரே ஒரு வெயில். வருஷம் முழுக்கக் காய்ச்சுகிற வெயிலில் ஒன்றே ஒன்றைத்தான் அவர்கள் கேட்டார்கள். விடிகாலையில் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்து பிடித்த மழை, செவ்வாய் விடவில்லை, புதன் விடவில்லை. படுதாவைப் போர்த்தி, ஓரத்துக்குச் செங்கல் வைத்து, சுற்றிலும் மண் அணைத்தார்கள். ரோட்டில் ஊர் நெல்லெல்லாம் அப்படித்தான் படுதாவுக்குள் கிடந்தது. கொள்முதல் நிலையத்தில் வாங்கிய மூட்டையே நனையாமல் வைக்க இடமில்லை, வியாழக்கிழமை எடை கிடையாது என்று மதிவாணன் சொல்லி அனுப்பினார்.

வியாழன் காலை மழை கொஞ்சம் ஓய்ந்தது. சுடர்விழி வெளியே தூக்கிப்போகச் சொன்னாள். இரண்டு நாளாகச் சன்னல் சாத்தியே கிடந்ததில் அவளுக்கு மூச்சு முட்டியது. காளியம்மாள் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு களத்துக்குப் போனாள். பதினொரு வயதுப் பிள்ளை ஆறு வயதுக் கனம்தான் இருந்தது. படுதாவின் ஓரத்தை விலக்கி, பிள்ளை உட்கார வாகாக இடம் செய்தாள். சுடர்விழி நெல்லுக்குள் முழங்கை வரை கையை விட்டாள். சின்ன வயதில் இருந்தே அவளுக்கு அது ஒரு விளையாட்டு.

"அம்மா, நெல்லு சுடுதும்மா."

"என்னடா?"

"உள்ளாற சுடுது. நெல்லுக்குக் காச்ச வந்துருச்சு."

காளியம்மாள் அவள் கையை வெளியே இழுத்துப் பிடித்தாள். கை கொதித்தது. கழுத்தில் புறங்கையை வைத்தாள். கழுத்தும் கொதித்தது. காய்ச்சல் கண்டால் ஒரு மணி நேரம் தாமதிக்கக்கூடாது என்று டாக்டரம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்!

"சுடுறது நெல்லு இல்லடி, ஒன் ஒடம்பு" என்று வாரித் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

இரண்டும் சுட்டது. ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள். முதல் மூன்று நாள் காளியம்மாளுக்கு நெல் நினைப்பே இல்லை. சொட்டுச் சொட்டாக இறங்குகிற பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புகழேந்தி ரத்தம் கொடுக்க ஆள் தேடி அலைந்தான். நாலாம் நாள் காய்ச்சல் தணிந்து பிள்ளையின் கை குளிர்ந்தது. அந்தக் குளிர்ந்த கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் சட்டென்று உறைத்தது. முழங்கை வரை உள்ளே விட்ட கை. உள்ளாற சுடுது என்றாளே. ஈர நெல்லை மூடிப் போட்டால் உள்ளுக்குள்ளேயே வெந்துவிடும்.

வராந்தாவுக்கு ஓடி ராஜாத்திக்குப் போன் போட்டாள்.

"அக்கா, படுதாவ அவுத்து விடுங்கக்கா. நெல்லு வேகுது. கெளறி விடுங்க."

"என்னாடி சொல்ற? இங்க வானம் பொத்துக்கிட்டு ஊத்துது, படுதாவ எப்புடி அவுக்கறது?"

"ஒரு ஓரமாச்சும் தொறந்து வுடுங்கக்கா, காத்து போகட்டும்."

"நீ ஒண்ணும் கவலப்படாத. தெரு ஆளுங்க அம்புட்டுப் பேரும் சேந்து இன்னொரு படுதா போட்டு, சுத்திக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கோம். ஒரு சொட்டு உள்ள போவாது. அவங்கவங்க நெல்லக்கூட விட்டுட்டு ஒன் நெல்லத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம். நீ புள்ளையப் பாரு, என்ன?"

காளியம்மாள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். திட்டக்கூட யாரும் இல்லை. எல்லோரும் நல்லதுதான் செய்துகொண்டிருந்தார்கள்.

ஊருக்கு அனுப்பும்போது டாக்டரம்மா வலிக்குக் கொடுக்கிற மருந்தை எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுத்தாள். கடலுக்குக் கூட்டிப்போகலாமா என்று காளியம்மாள் கேட்டதற்கு, "பஸ்ஸெல்லாம் வேணாம்மா. வீட்டுலயே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று நல்ல வெயில். வந்த வெயிலைப் பார்த்துக் காறித் துப்பலாம் போல இருந்தது புகழேந்திக்கு. கயிற்றை அவன்தான் அவிழ்த்தான். இரண்டாவது படுதாவை இழுத்ததும் குபீரென்று ஆவி கிளம்பியது. சோறு வடிக்கிற வாசனை இல்லை, புளித்த கஞ்சி வாசனை. மேலே வெள்ளையும் பச்சையுமாக முளை ஒன்றோடொன்று பின்னிப் பாய் மாதிரி கிடந்தது. அவன் மண்வெட்டியை இறக்கினான். கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. நடுவில் கறுத்து வெந்திருந்தது. அடிவரைக்கும் போனான். அடியில் ஒரு வரிசை தேறும் என்று நினைத்தான். அதுவும் தேறவில்லை.

தெரு முழுவதும் கூடி நின்றது. தங்கள் கையால் கட்டிய கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜாத்தி மட்டும் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

மதிவாணன் ஈரம் பார்க்கிற மீட்டரோடு வந்திருந்தார். பையிலிருந்து எடுக்கவில்லை.

"சார், ஒரு தடவ வச்சுத்தான் பாருங்களேன்" என்றாள் காளியம்மாள்.

"இதுக்கு மீட்டரு வேணாம்மா."

"நீங்க பாருங்க சார்."

அவளுடைய திருப்திக்காக அவர் நாலு மணியைப் பொறுக்கி வைத்துப் பார்த்தார். எண்ணைச் சொல்லவில்லை. மீட்டரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, சைக்கிளில் ஏறாமல் தெருமுனை வரை உருட்டிக்கொண்டே போனார்.

மறுநாள் வாத்துக்காரன் வந்தான். அறுத்த வயல்களில் வாத்து மேய்க்கிறவன். எண்ணூறு வாத்துகள். எல்லாவற்றையும் சேர்த்து ஐயாயிரம் தருகிறேன் என்றான். புகழேந்தி வாங்கிக்கொண்டான். வாத்துகள் களத்தில் இறங்கிக் கத்தின கத்து மேலத்தெரு வரை கேட்டிருக்கும். சுடர்விழி கட்டிலைச் சன்னலோரம் நகர்த்தச் சொல்லி அரை நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காளியம்மாள் கொல்லைப்பக்கம் போய் ஹாஜா மைதீனுக்குப் போன் செய்தாள்.

"பாய், நெல்லு போச்சு பாய்."

"மழையப் பாத்தப்பவே நெனச்சேன் தங்கச்சி."

"ஐயாயிரம் இருக்கு. மத்தவங்ககிட்ட கேட்டு..."

"நேத்து சாவிய ஒப்படைச்சுட்டேன்மா. மறைக்கல, புள்ள ஆஸ்பத்திரியில இருக்குன்னாங்க, அதான் சொல்லல. கட்டிலு, பாத்திரமெல்லாம் எங்க வீட்டு மாடியில கெடக்கு. நீ புள்ளைய இங்க கூட்டிட்டு வா. நம்ம வீட்டுலயே தங்கிக்கலாம். கடலு எங்க போயிரும்?"

"பஸ்ஸுல கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னுட்டாங்க பாய்."



நாலு நாள் கழித்து, காலைப் பொழுதில் தர்மாம்பாள் வந்தாள். இந்தத் தடவை நடந்தே வந்தாள். மழையில் அவளுக்கும் காய்ச்சல் கண்டு பத்து நாளாக வீட்டைவிட்டு வெளியே தலை காட்டவில்லை. நெல் போன சேதியை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. களம் கழுவிவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தது. வாத்து தின்ற இடம் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"எட போட்டாச்சு போலருக்கே!"

காளியம்மாள் கையில் பிள்ளைக்கு அரைத்த மாத்திரைக் கிண்ணம் இருந்தது.

"ஆமாங்கம்மா."

"என் நெல்லு செத்த ஈரமா இருந்துதுன்னு டிரைவரு அப்பறம் சொன்னான். எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல காளியம்மா. என்னால ஏதும் கெட்டுப் போச்சோன்னு. எம் புள்ள விஷயத்துலதான் ஒண்ணும் செய்யக் கொடுத்து வைக்கல, இதுலயும் நம்ம கை ராசி இப்புடின்னா..."

அவள் முந்தானை நுனியைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். காளியம்மாள் அந்தக் கையையே பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாதியை இந்தக் கிழவி தலையில் இறக்கி வைத்துவிடலாம். தன் ஆத்தாள் மண்ணிலிருந்து பொறுக்கின நெல்லுக்கும் சேர்த்து.

"ஒண்ணும் கெடலம்மா" என்றாள். "ஒரு வெயிலுல காஞ்சிருச்சு. ஒங்க நெல்லோட சேந்துதான் நூறு தாண்டுச்சு. அது இல்லேன்னா பத்தாமப் போயிருக்கும்."

"நெசமாவா?"

"ஆமாங்கம்மா. பணம் கட்டியாச்சு. வீடு தொறந்தாச்சு. கார்த்திக பொறந்ததும் நாங்க போறோம்."

தர்மாம்பாள் இரண்டு கையையும் எடுத்து அவளைக் கும்பிட்டாள். மேலத்தெருக்காரி கீழத்தெருவில் நின்று கும்பிட்டது அதுவரை நடந்ததில்லை. பிறகு மெல்ல நடந்து போனாள். போகும்போது களத்து ஓரத்தில் கிடந்த ஒரு நெல்லைக் குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தானையில் முடிந்துகொண்டாள்.

காளியம்மாள் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து, மாத்திரையைக் குழைத்து ஊட்டினாள். சுடர்விழி முகம் சுளிக்காமல் விழுங்கினாள்.

"அம்மா."

"என்னடா?"

"அவங்ககிட்ட பொய் சொன்னில்ல?"

"ஆமாடா."

"வாத்து தின்னத நான் பாத்தேனே."

"ம்."

"ஆனா அவங்க சந்தோஷமாப் போனாங்கல்ல?"

"போனாங்க."

பிள்ளை ஒருக்களித்துப் படுத்தது. பிறகு அம்மாவின் மடியில் கையை வைத்தது.

"எங்கிட்டயும் அதையே சொல்லும்மா."

காளியம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கால் இரண்டையும் கட்டிலின் மேல் தூக்கிப் போட்டுச் சம்மணம் கூட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"கார்த்திக பொறந்ததும் போறோம்" என்றாள். "பட்டுக்கோட்ட பஸ்ஸு. சன்னலோரம் ஒனக்கு. நடுவுல நானு."

"அப்பாவுக்கு லீவு?"

"போட்டாச்சு. அஞ்சு நாளும் ஒன்கூடத்தான்."

"கஞ்சி?"

"பாய் வீட்டம்மா அடுப்புல வச்சுட்டாங்க. நாம போயி எறங்கும்போது சூடா இருக்கும்."

"அப்பறம்?"

"அப்பறம் வாசல்ல அந்தச் செவப்பு நாக்காலியப் போட்டு உக்கார வப்பாங்க."

"கடல்ல தண்ணி இருக்குமா?"

"இருக்கும். நம்ம வயல்ல சேறடிச்சு வச்சாப்புல, அசையாம இருக்கும்."

சுடர்விழி கண்ணை மூடிக்கொண்டாள். "அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். காளியம்மாள் ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.